மூலதனம் எழுதப்பட்ட வீடு

நம் இடதுசாரி மேடைகளில் ஜென்னி மார்க்ஸின் கதைக்குத் தனி இடம் உண்டு. பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், நான்கு வயது இளையவரான கார்ல் மார்க்ஸை ஏழாண்டுகள் காத்திருந்து 1843இல் மணந்தவர், வறுமையிலும் கணவரைவிட்டு நீங்காதவர் என்று சொல்லிக்கொண்டே வந்து, இறந்த குழந்தைக்குச் சவப்பெட்டி வாங்கக் கடன் கேட்டு அலைந்த இடத்தில் பேச்சாளரின் குரல் தழுதழுக்கும். தோழர்கள் பலர் தம் மகள்களுக்கு ஜென்னி என்று பெயர் வைத்தது இந்த உருக்கத்தால்தான். இத்தகைய பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் கேள்வி ஒன்றுதான். உழைப்பைப் பற்றி உலகுக்கே கற்றுத் தந்தவரின் வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும், 'உழைப்பு' என்ற சொல் மறைந்து அந்த இடத்தில் 'தியாகம்' எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது?

1850 மே 20 அன்று ஜென்னி தோழர் வைடெமையருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தை கீடோ பால் குடிக்கையில் மார்பு புண்ணாகி இரத்தம் கசிந்ததையும், வாடகை பாக்கிக்காகக் கட்டில், துணிமணி, தொட்டில், பெண்குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் ஜப்தி செய்யப்பட்டதையும் அதில் விவரிக்கிறார். மேடைக்கு வருவது இந்தப் பகுதிதான். ஆனால் அவர் கடிதம் எழுதிய காரணம் வேறு. மார்க்ஸ் நடத்திய இதழின் விற்பனைப் பணத்தை உடனே அனுப்பிவைக்கும்படி கேட்கவே எழுதுகிறார். அதாவது அது ஒரு வசூல் கடிதம். பால் கொடுத்தபடியே இதழின் வரவைக் கவனித்தவர் ஜென்னி. கணக்குப் பகுதியை நீக்கிவிட்டுக் கண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டது நம் வாசிப்பு.

மார்க்ஸின் கையெழுத்து அச்சகத்தாருக்குப் புரியாது. கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் தெளிவாக நகலெடுத்தவர் ஜென்னி. தாய்வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை அடகுக் கடைக்கு அனுப்புவது, கடன்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் இதற்கு நடுவில்தான். ஏழு முறை பிள்ளை பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் மூன்று மகள்கள் மட்டுமே.

ஜென்னியின் கதையாவது உருக்கமாக நமக்கு வந்து சேர்ந்தது. ஹெலன் டெமூத்தின் கதை அப்படியும் வரவில்லை. சிறுமியாக வெஸ்ட்ஃபாலன் குடும்பத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர். 1845இல் ஜென்னியின் தாய் அவரை மகளுக்கு உதவியாக பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பிவைத்தார். அன்றுமுதல் அந்த வீட்டின் அடுப்பும் துவைப்பும் பிள்ளை வளர்ப்பும் அவர் பொறுப்பு. 1851 மார்ச்சில் ஜென்னி ஃப்ரான்சிஸ்காவைப் பெற்றார். ஜூன் மாதம் ஹெலன் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். பிறப்புப் பதிவில் தந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக விடப்பட்டது. ஃப்ரெடி என்ற அந்தக் குழந்தை லண்டனில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. ஜென்னி தன் நினைவுக்குறிப்பில், 1851 கோடையின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைப் பற்றி விரித்துரைக்க விரும்பவில்லை என்று சொல்லிக் கடந்துபோகிறார்.

தந்தை மார்க்ஸ்தான் என்பது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரின் முடிவு. சான்று போதாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்த விவாதத்தின் போக்கே உறுத்துகிறது. மார்க்ஸா, எங்கெல்ஸா என்று இரண்டு ஆண்களின் நற்பெயரைச் சுற்றியே அது நடக்கிறது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, எஜமானியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய ஒரு பெண்ணின் நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பது அதில் ஒரு கேள்வியாகவே எழவில்லை. ஜென்னிக்குக் கடிதங்கள் இருக்கின்றன, நினைவுக்குறிப்பு இருக்கிறது. ஹெலனைப் பற்றிப் பிறர் சொன்னவற்றில்தான் நாம் அவரைத் தேட வேண்டும். பெண்களின் வரலாற்றை மீட்கிறோம் என்று புறப்படும் நாமும், எழுதிவைக்கும் வசதி பெற்றவர்களோடு நின்றுவிடுகிறோம். ஒரே கூரையின் கீழ் எஜமானியும் வேலைக்காரியுமாக இருந்த இரு பெண்களை 'மறக்கப்பட்ட பெண்கள்' என்று ஒரே தட்டில் வைப்பதும் நேர்மையான வாசிப்பு ஆகாது.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதி ஆலைகளில் வதைபட்ட பெண்களையும் குழந்தைகளையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆனால் தொழிலாளி மறுநாள் வேலைக்குப் போகும் தெம்பை எப்படிப் பெறுகிறார் என்ற இடம் வரும்போது, அவர் உண்ணும் பண்டங்களின் மதிப்பு மட்டுமே கணக்கில் வருகிறது. பண்டத்தை உணவாக்கும் கைகள் வருவதில்லை. உயிர் பிழைக்கும், இனம் பெருக்கும் இயல்பூக்கத்திடமே அந்தப் பொறுப்பை முதலாளி விட்டுவிடலாம் என்று மார்க்ஸ் கடந்துபோகிறார். 1970களில் மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி போன்றோர் இந்த இடைவெளியில்தான் கைவைத்தார்கள். வீட்டுவேலைக்குக் கூலி என்ற கோரிக்கை அங்கிருந்து எழுந்தது. கோட்பாட்டின் இந்த விடுபடலையும் அந்த வீட்டின் அன்றாடத்தையும் சேர்த்தே நான் வாசிக்கிறேன். நேரத்துக்குச் சோறு வந்தது. அது எப்படி வந்தது என்பது ஆய்வுக்குரிய பொருளாகத் தோன்றவில்லை.

மார்க்ஸ் 1883 மார்ச்சில் இறந்தார். அவருடைய காகிதக் குவியலில் 'மூலதனம்' இரண்டாம் தொகுதிக்கான கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்தவர் ஹெலன் என்று எங்கெல்ஸே லாராவுக்கு எழுதினார். அதன்பின் ஹெலன் எங்கெல்ஸின் வீட்டை நிர்வகித்தார். பெண்ணடிமைத்தனத்தின் தோற்றத்தைத் தேடிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற நூலை எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்டபோது, அந்த வீட்டின் சமையலறை ஹெலனின் பொறுப்பில் இருந்தது.

1890இல் இறந்த ஹெலனை மார்க்ஸ், ஜென்னி அடக்கம் செய்யப்பட்ட கல்லறையிலேயே புதைத்தார்கள். அவர் வளர்த்த எலியனோர், எரிவாயுத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தவர், 'மேடம் பொவாரி'யை ஆங்கிலத்தில் தந்தவர். 1898இல் தற்கொலை செய்துகொள்வதற்கு முந்தைய மாதங்களில் அவர் மனம்விட்டு எழுதிய கடிதங்கள் ஃப்ரெடிக்குச் சென்றவை. ஃப்ரெடி இயந்திரத் தொழிலாளியாகவும் சங்க உறுப்பினராகவும் வாழ்ந்து 1929இல் இறந்தார்.

இதையெல்லாம் சொன்னால், மார்க்ஸைச் சிறுமைப்படுத்துகிறாயா என்று கேட்பார்கள். இல்லை. யாருடைய உழைப்பை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அந்தக் கேள்வி ஆலை வாசலோடு நின்றுவிட வேண்டியதில்லை. என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: 'மூலதன'த்தைக் கட்டாயம் படியுங்கள். படிக்கும்போது அதை நகலெடுக்கக்கூடிய நிலையில் வைத்திருந்த கையையும், எழுதியவருக்குச் சோறு போட்ட கையையும் தனித்தனியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கை அல்ல.