விதூஷகன் நடத்திய பாடம்

எங்கள் முடிச்சூர்ப் பக்கம் ஆடு மேய்கிற வரையில் ஆடுதான். தாம்பரத்து ஹோட்டல் பலகையில் ஏறியதும் அது மட்டன் ஆகிவிடுகிறது. இதை இங்கிலீஷ் மோகம் என்று கோபித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. மட்டன் பிறவியில் இங்கிலீஷே அல்ல, பிரெஞ்சு வார்த்தை என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை.

1066-ல் நார்மண்டியிலிருந்து வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தான். அதன் பிறகு வெகு காலம் அங்கே அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சு கொலுவீற்றிருந்தது. வழக்குகளை இங்கிலீஷில் வாதாட வேண்டும் என்று 1362-ல் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியதே பிரெஞ்சில்தான்! ஜட்ஜ், ஜூரி, கோர்ட், பார்லிமெண்ட் எல்லாம் அந்த வழியாக வந்தவையே.

இந்த விஷயத்தைச் சாதாரண ஜனங்களுக்கும் எட்டவைத்தவர் ஒரு நாவலாசிரியர். சர் வால்டர் ஸ்காட் 1819-ல் வெளியிட்ட 'ஐவன்ஹோ'வின் முதல் அத்தியாயத்திலேயே, பன்றி மேய்க்கும் குர்த்துக்கு வாம்பா என்ற விதூஷகன் பாடம் நடத்துகிறான். மேய்க்கும்போது பன்றிக்குச் சாக்ஸன் பெயர். வெந்து பிரபுவின் மேஜைக்குப் போனதும் பிரெஞ்சுப் பெயர். பாடு ஒருவனுக்கு, ருசி இன்னொருவனுக்கு. அடிமைத்தனத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் பிரசங்கம் செய்தாலும் இப்படிச் சுருக்கென்று தைக்காது.

நடைமுறை இத்தனை கச்சிதமாக இருக்கவில்லை என்பார்கள் மொழி ஆராய்ச்சிக்காரர்கள். உயிரோடு திரியும் ஆட்டையும் இங்கிலீஷில் மட்டன் என்று சொன்ன காலம் உண்டு. அது போகட்டும், கதாசிரியனுக்கு அந்தச் சலுகை வேண்டும். என் குறை வேறு. முதல் அத்தியாயத்துக்குப் பிறகு நார்மனும் சாக்ஸனும் ஒரே கம்பீர இங்கிலீஷில் பேசுகிறார்கள். இரண்டு பாஷை என்று ஆசிரியர் சொல்லித்தான் தெரிகிறது. நம் காதில் விழுவதில்லை. பழைய பாஷையை வாசகர்களுக்காக மாற்றியதாக ஸ்காட்டே முன்னுரையில் சமாதானம் சொல்கிறார். சமாதானம் நியாயமானதுதான், நஷ்டமும் நிஜந்தான்.

காதில் விழும்படி எழுதியவர் நம்மிடையே இருந்தார். 1709-ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸ் துரையின் துபாஷ். துபாஷ் என்றாலே இரு பாஷைக்காரர். 1736 முதல் 1761 வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் சென்னையைப் பிடித்ததும், 1749-ல் திருப்பிக் கொடுத்ததும் அவர் காலத்து நிகழ்ச்சிகள். வார்த்தைகளைப் பார்த்தால் அது பங்காளிச் சண்டை! சென்னையில் 'சோல்ஜர்', புதுச்சேரியில் 'சொல்தா'; இரண்டும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்றே அழைத்தார்கள்.

பிள்ளையின் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் அவர் தமிழில் கலந்து கிடப்பது உண்மை. துறைமுகத்தில் அப்படித்தான் பேசினார்கள். யார் யாரிடம் வேலை பார்த்தார்கள், யாருக்கு யார் தயவு தேவைப்பட்டது என்பதெல்லாம் அந்தக் கலப்பிலேயே தெரிகிறது. அதைச் சுத்தம் செய்தால் அழுக்கோடு சரித்திரமும் போய்விடும்.

நம் சரித்திர நாவல்களில் பெரும்பாலும் நடப்பது அந்தச் சுத்தம்தான். ராஜா, மந்திரி, குதிரைக்காரன், கடல் தாண்டி வந்த வியாபாரி எல்லாரும் ஒரே நாடகத் தமிழில் உரையாடுகிறார்கள். ஸ்காட்டிடம் வாள் சண்டையைக் கற்றுக்கொண்டோம். வாம்பாவின் பாடத்தைக் கவனிக்கவில்லை. இதற்கு விலக்காகப் பிரபஞ்சன், பிள்ளையின் காலத்தை 'மானுடம் வெல்லும்' நாவலாக எழுதினார். அடுத்த 'வானம் வசப்படும்' 1995-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. சரித்திர நாவல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் பிள்ளையின் நாட்குறிப்பில் பத்துப் பக்கமாவது வாய்விட்டுப் படிக்கட்டும்.