ஒத்தை நுரையீரலும் ஒரு புத்தகமும்

மயூர் விஹாருக்குக் குடிவந்த புதிதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, வீணையில் கமகம் கூடவில்லை. வாத்தியத்துக்கு உறை போட்டு மூலையில் சாத்திவிட்டு, சங்கீதத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். "வாசிக்க முடியலே, அதான் எழுதறான்" என்றார் ஓர் உறவினர். குமார் கந்தர்வரை நான் ஊன்றிப் படித்ததற்கு அந்தச் சொல்லே காரணம்.

1924-ல் பெல்காம் பக்கத்துச் சுலேபாவியில் பிறந்தவர், இயற்பெயர் சிவபுத்ர. சிறு வயதிலேயே மேடைகளில் கொடிகட்டிப் பறந்தவரைக் காசநோய் பீடித்தது. 1948-ல் மாளவத்தில் உள்ள தேவாஸில் குடியேறினார். பாடவே கூடாது என்றார்கள் வைத்தியர்கள். ஸ்ட்ரெப்டோமைசின் காப்பாற்றியது; ஆனால் ஒரு நுரையீரல் போனது போனதுதான்.

"ஒத்தை நுரையீரல்ல என்னமா பாடினார்!" என்று தில்லி ரசிகர்கள் இன்றும் வியப்பார்கள். அவர் சின்னச் சின்னப் பிடிகளாகப் பாடியதற்கு மூச்சுக்குறைவே காரணம் என்று முடித்தும் விடுவார்கள். இது பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது. மூச்சு, பிடியின் நீளத்தைத்தான் தீர்மானிக்கும்; அதற்குள் இருக்கும் சரக்கை அல்ல. அந்தச் சரக்கு, வாய்மூடிக் கிடந்த ஆண்டுகளில் காதுவழி வந்தது. மாளவத்து நாட்டுப்பாடல்களைக் கேட்டுக் கேட்டு, அவற்றிலிருந்தே புதிய ராகங்களைக் கண்டெடுத்தார். தம் சாகித்யங்களை ஸ்வரப்படுத்தி 1965-ல் 'அனூப ராக விலாஸ்' என்று புத்தகமாகவே கொண்டுவந்தார்.

நமக்கும் 1904-ல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' உண்டு. அது பெரும்பாலும் பரம்பரைச் சொத்தைக் காத்த நூல். இது தானே சம்பாதித்ததை எழுதிவைத்த நூல்.

குறையும் சொல்ல வேண்டும். அவர் ஸ்வரத்தில் வைக்கும் அழுத்தமும், நடுவே விடும் மௌனமும் ஸ்வரக் குறிப்பில் வராது. ஒலிப்பதிவைக் கேளாதவருக்குப் புத்தகம் வெறும் எலும்புக்கூடு. ஆனாலும் பாடாத காலம் சங்கீதமற்ற காலம் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

பையனுக்குக் குரல் உடைந்தால் பாட்டு வகுப்பையே நிறுத்திவிடுகிறோமே, அந்தப் பெற்றோர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். காது உடையவில்லையே!

உறவினருக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று தெரிகிறது: வாசிக்க முடியலே, வாஸ்தவம், கேட்க முடியறது. அதான் எழுதறேன்.