சாத்திய கதவும் பூட்டிய கதவும்

இந்த மாதம் ஒரு நாவலைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதை மேஜை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ஓர் அரசாங்க அறிக்கையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல நாவல் செய்கிற காரியத்தை இந்த அறிக்கையும் செய்கிறது. மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று காட்டுகிறது.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில், மெக்ஸிகோ எல்லைக்குச் சமீபமாக யுவால்டி என்று ஒரு சிற்றூர். 2022 மே 24ஆம் தேதி அங்கே ராப் ஆரம்பப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அதை விசாரித்த டெக்ஸாஸ் சட்டசபைக் குழு, அதே ஆண்டு ஜூலை 17ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையைத்தான் சொல்கிறேன்.

அந்த நாட்டில் பொதுப் பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்கிற அமைப்பு. டெக்ஸாஸில் அதற்கென்று தேர்ந்தெடுத்த சபை உண்டு. தனி வரியும் உண்டு. யுவால்டி மாவட்டத்துக்கு ஆறு பேர் கொண்ட சொந்தப் போலீஸ் படையே இருந்தது. வகுப்பறைக் கதவுகள் பூட்டியே இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆபத்து வந்தால் ஆசிரியர்களின் கைபேசிக்குச் செய்தி போக ஏற்பாடு இருந்தது. துப்பாக்கிக்காரன் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் எழுதி வைத்த திட்டம் இருந்தது. 2020இல் மாநிலத்தின் 1,022 பள்ளி மாவட்டங்களைப் பரிசீலித்தபோது, சுமார் 200 மாவட்டங்களின் திட்டம் மட்டுமே உருப்படியானது என்று தேறியது. யுவால்டி அந்த 200இல் ஒன்று.

இந்த இடத்தில் அறிக்கையை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஏற்பாடே இல்லாத ஊரில் விபரீதம் நடந்தால், மனசு ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானம் செய்துகொள்ளும். பரீட்சையில் தேறிய ஊரிலல்லவா இது நடந்திருக்கிறது?

பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன விஷயங்களாக அறிக்கை விடை சொல்கிறது. அந்தப் பள்ளியில் சாவிகளுக்குப் பஞ்சம். ஆகவே கதவு பூட்டிக்கொள்ளாதபடி கல்லையும் ஆப்பையும் வைத்துச் சமாளித்து வந்தார்கள். 111ஆம் எண் அறையின் பூட்டு சரியில்லை என்பது பலருக்குத் தெரியும். வாய் வார்த்தையாகச் சொல்லியும் இருக்கிறார்கள். பழுது பார்க்கச் சொல்லி ஒருவரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

அபாயச் செய்தியின் கதை இன்னும் சோகமானது. எல்லை தாண்டி ஆட்களைக் கடத்தி வரும் கார்களைப் போலீஸ் துரத்தும். காரில் இருப்பவர்கள் இறங்கி ஓடுவார்கள். உடனே பள்ளிகளுக்கு எச்சரிக்கை போகும். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து மே வரை ஏறக்குறைய 50 எச்சரிக்கைகள். பெரும்பாலானவை இந்த வகை. 'புலி வருது' கதையில் பையன் பொய் சொன்னான். இங்கே பொய்யே இல்லை. ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனாலும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிற்று. அன்றைக்கோ, தலைமை ஆசிரியை செய்தி அனுப்ப முயன்றபோது இணையத் தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கியிலும் அறிவிக்கவில்லை.

மேற்குப் பக்க வெளிக்கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. 11.33 மணிக்கு அவன் உள்ளே போனான். சில நிமிஷங்களில் போலீஸாரும் வந்துவிட்டார்கள். வந்து சேர்ந்தவர்கள் மொத்தம் 376 பேர். திட்டப்படி தலைமை ஏற்க வேண்டியவர் பள்ளி மாவட்டப் போலீஸ் தலைவர். அவர் தம்மை அந்தப் பொறுப்பில் இருப்பவராகக் கருதவில்லை. வேறு யாரும் அதை ஏற்கவுமில்லை. அறைக் கதவைத் திறக்கச் சாவி தேடினார்கள். உள்ளே நுழைந்து அவனைச் சுட்டு வீழ்த்தியபோது மணி 12.50. அந்த அறைக் கதவு அனேகமாகப் பூட்டப்படாமலே இருந்திருக்கும் என்கிறது குழு. கைப்பிடியைத் திருகிப் பார்த்தவர் எவருமில்லை.

இனி என் விமர்சனத்துக்கு வருகிறேன். கொலைகாரனைத் தவிர இந்தக் கதையில் வில்லன் யாரையும் தாங்கள் காணவில்லை என்கிறது குழு. அமைப்பின் தோல்விகளையும் மிக மோசமான முடிவுகளையுமே கண்டதாகச் சொல்கிறது. முதல் பாதியை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். கல்லை வைத்தவருக்குக் குழந்தைகள் மீது அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? பத்து தடவை கதவைத் திறந்து மூடுகிற ஆசிரியர் செய்கிற காரியம் அது. நீங்களும் நானும் செய்திருப்போம்.

ஆனால் 'அமைப்பு' என்கிற சொல்லிடம் எனக்குப் பயம் உண்டு. அதற்கு முகம் கிடையாது. யார் வேண்டுமானாலும் அதன் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். வில்லன் இல்லை என்றால் பொறுப்பாளியும் இல்லை என்று அர்த்தமா? சாவி வெட்டித் தர வேண்டியது அமைப்பு அல்ல, ஓர் ஆள். சீட்டு எழுத வேண்டியதும் ஓர் ஆள்தான். அந்த ஆள் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதற்குப் பெயர்தான் பாதுகாப்பு. எல்லோருக்கும் தெரிந்த குறையை யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நம்புகிற இடத்தில், எவ்வளவு நல்ல திட்டமும் காகிதம்தான்.

இதில் கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு குட்டு இருக்கிறது. துப்பாக்கிக்கு முன் மார்பு கொடுத்து நிற்பவனைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். பூட்டு கெட்டிருக்கிறது என்று மூன்றாம் முறையும் போய் நின்று, எரிச்சலூட்டி, சரி செய்ய வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனை நாம் எழுதுவதில்லை. அவன் கதையில் ஒன்றுமே நடக்காது. பெற்றோர் ஒரு பள்ளிக்கூடத்திடம் வேண்டுவதும் அதுதானே: காலையில் போன குழந்தை சாயங்காலம் திரும்பி வர வேண்டும், நடுவில் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.