பிடியை வைத்திருங்கள், மயிரை விட்டுவிடுங்கள்

மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் சேவிங் பிரஷ் ஒன்று பெரும்பாலும் இருக்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் அவை இன்னும் கிடக்கின்றன. பிடி கல்லுப்போல உறுதி. மயிர் பாதி உதிர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் இருந்ததும் அப்படித்தான். ஐம்பதுகளில் வாங்கியது, தேன் நிறப் பிடி, பன்றி மயிர்க் குஞ்சம். இதைத் திருத்தி அன்றாடம் பாவிக்கலாமா? திருத்தி, முகம் வழித்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்: பாவிக்கலாம். பழைய மயிரோடு மட்டும் வேண்டாம்.

உதிர்வது மட்டும் அதற்குக் காரணமில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படைவீரர் பலருக்குச் சவரத்தால் அந்திராக்ஸ் தொற்றியது. வளைக்கரடி மயிர் கிடைக்காமல், மலிவான குதிரை மயிரை இறக்கி, வளைக்கரடி மயிர்போலத் தோன்றச் செய்து விற்றார்கள். அதைச் சரியாகக் கிருமி நீக்கவில்லை. யப்பானிலிருந்து சேவிங் பிரஷ் இறக்குவதை 1920இல் பிரித்தானியா தடைசெய்ததும் இதனால்தான். பழைய பிரஷ் மோகம் திரும்ப வந்ததைப் பார்த்து, 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் சஞ்சிகை இந்த வரலாற்றை மறுபடி நினைவூட்டியது. அந்திராக்ஸ் வித்து மிக நெடுங்காலம் உயிரோடு கிடக்கக்கூடியது. வினாகிரியில் ஊறவைத்தோ கொதிநீர் ஊற்றியோ அதைக் கொன்றுவிடலாம் என்று நம்பக்கூடாது. ஆகவே காலம் தெரியாத பிரஷ், முப்பதுகளுக்கு முந்தியது என்று சந்தேகப்படும் பிரஷ் எதையும் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அது அலுமாரியில் இருக்கட்டும்.

வயது நிச்சயமாகத் தெரிந்த பிரஷ் என்றால் முதலில் பிடி எதனால் ஆனது என்று பாருங்கள். சுடுநீரில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்து மணந்தால் போதும். கற்பூர வாசம் வந்தால் செலுலாயிட். நெருப்புக் கிட்டவே கொண்டு போகக்கூடாது. காபோலிக் நெடி வந்தால் பேக்கலைற் வகை. எங்களுடையது இரண்டாவது. குஞ்சத்தை நனைத்து, தூசி பறக்காமல் அடியோடு வெட்டினேன். குழியில் இறுகிக் கிடந்த பழைய பசையைக் கடைசல் பட்டறையில் துளைத்து எடுப்பித்தேன். கைத் துளைகருவியால் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பழைய பிளாஸ்ரிக் வெடித்தால் ஒட்டவே முடியாது. குழி 22 மில்லிமீற்றர் அகலத்துக்கு வந்தது. அதற்கு அளவான செயற்கை நார்க் குஞ்சம் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது. ஒட்டுவதற்கு முன் குழிக்குள் வெறுமனே வைத்து உயரம் பாருங்கள். நார் 50 மில்லிமீற்றர் அளவுக்கு வெளியே நின்றால் முகத்தில் விறைப்பும் மென்மையும் சமமாக இருக்கும். இன்னும் ஆழமாக இறக்கினால் குத்தும். பிறகு அரல்டைற். ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். பிடியைச் சன்னமான அரத்தாளால் நனைத்துத் தேய்த்து, குத்துவிளக்கு மினுக்கும் பிராசோவால் துடைத்தேன். தேன் நிறம் உள்ளிருந்து வந்தது. இந்த நிறத்தை இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எந்தப் பிரஷ்ஷிலும் நான் காணவில்லை.

இனிப் பாவனை. செயற்கை நார் கன்னத்தில் குத்தவில்லை, மணக்கவில்லை, ஒரு மயிரும் உதிரவில்லை. காலையில் பாவித்தது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. பன்றி மயிர் வேண்டாம் என்பவர்களுக்கும் இது பொருந்தும். குறையும் உண்டு: தண்ணீரைக் குறைவாகவே பிடித்துவைக்கும், வேகமாகச் சுழற்றினால் நுரை சட்டையில் தெறிக்கும்.

ஆனால் எங்கள் ஊரில் நுரையைத் தீர்மானிப்பது மயிரைவிடத் தண்ணீர்தான். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்; ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது; கிணற்றை நம்பித்தான் வாழ்கிறோம். அந்தத் தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படையாகி நாரின் அடியில் ஏறும். பழைய பிரஷ்கள் அடியில் விறைத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். கிணற்றுத் தண்ணீரில் நுரை மெலிந்து, முகம் வழித்து முடிக்க முன்னமே வற்றியது. மாரி மழைத் தண்ணீரில் அதே சவர்க்காரம், அதே பிரஷ், தயிர்போலக் கெட்டியான நுரை. மழை இல்லாத காலத்தில் கொதித்தாறின தண்ணீரை எடுங்கள். கேத்தலின் அடியில் படியும் வெள்ளை, பிரஷ்ஷுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் அருமையானபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். பனம்பழக் களியில் நுரைப்பது சப்போனின்; சவர்க்காரத்தைப் போல அது கல்சியத்தோடு கட்டிப்படுவதில்லை.

பராமரிப்பு இலேசு. மாதத்துக்கு ஒருக்கால், ஒரு பங்கு வினாகிரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, நாரை மட்டும் சிறிது நேரம் முக்கி, நன்றாக அலசுங்கள். பிடி நனையக்கூடாது.

புதுப் பிரஷ் ஒன்று வாங்குவது இதைவிட மலிவு, அலைச்சலும் இல்லை. வெறும் சவரத்துக்கென்றால் அதையே வாங்குங்கள். பெரியவர் ஒருவரின் பிடி வீட்டில் இருந்து, அதன் வயதும் நிச்சயமாகத் தெரிந்தால், துளைக்கும் வேலையைப் பட்டறையில் கொடுத்துத் திருத்தி எடுங்கள். செலவுக்கு முழுப் பெறுமதி உண்டு.