ஊழியமும் ஊதியமும்: பாக் எழுதிய ஒரு கடிதம்

யோகான் செபாஸ்தியான் பாக்கைக் குறித்துத் திருச்சபையில் இரு சித்திரங்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, அவரை ‘ஐந்தாம் சுவிசேஷகர்’ எனப் போற்றும் பக்திச் சித்திரம். மற்றது, ஜெர்மானிய இசையறிஞர் பிரீட்ரிக் புளூமே 1962ஆம் ஆண்டில் மைன்ஸ் நகரில் ஆற்றிய உரையில் தீட்டியது. பாக் ஆலயப் பணியை உள்ளார்ந்த அழைப்பாக ஏற்றவர் அல்லர் என்பது புளூமேயின் வாதம். இவ்விரண்டையும் உரைத்துப் பார்க்கத்தக்க உரைகல், 1730 அக்டோபர் 28ஆம் நாள் லைப்சிக்கிலிருந்து பாக் தம் இளமைத் தோழர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதமாகும்.

டான்சிக் நகரில் தமக்கு வேறு வேலை தேடித்தரும்படி அதில் பாக் கேட்கிறார். லைப்சிக்கில் வாழ்க்கைச் செலவு மிகுதி. மேலதிகாரிகளுக்கு இசையில் நாட்டமில்லை. வருமானம் ஏறத்தாழ 700 தாலர். அதன் பெரும்பகுதி திருமணம், அடக்கம் ஆகியவற்றின் கட்டணங்களால் வருவது. நகரில் சாவு கூடினால் வரவு கூடும். காற்று நலமாக வீசினால் குறையும். முந்திய ஆண்டில் அடக்கங்கள் குறைந்தமையால் 100 தாலருக்கு மேல் இழந்ததாக அவர் கணக்குக் காட்டுகிறார்.

பக்தி நூலாசிரியர் இக்கடிதத்தை மறைத்து வைக்கின்றனர். புளூமேயின் வழிச்செல்வோர் இதையே சாட்சியாக நிறுத்துகின்றனர். கூலியைப் பற்றிக் கவலைப்படுகிறவனுக்கு அழைப்பு இருக்க இயலாது என்னும் எண்ணமே இரு சாராருக்கும் அடித்தளம். அந்த எண்ணம் சரியானதுதானா?

இக்கடிதத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஆகஸ்டு 23ஆம் நாள், பாக் நகர மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அளித்திருந்தார். தோமா பள்ளி மாணவர் 54 பேரில் பாடத் தகுந்தோர் 17, இன்னும் தேறாதோர் 20, தகுதியற்றோர் 17 என்று அதில் வகைப்படுத்துகிறார். உதவிக்கு வந்த பல்கலைக்கழக மாணவருக்கு முன்பு கிடைத்த சிறு படி நின்றுபோனதைச் சுட்டுகிறார். டிரெஸ்டன் அரசவை இசைஞர் கவலையற்றிருப்பதால் தேர்ச்சி பெறுகின்றனர்; அன்றாட அப்பத்துக்கு அலைகிறவர் தேர்ச்சியைப் பற்றி எண்ணவும் நேரமில்லை என்கிறார். இங்கே அவர் தமக்காக மட்டும் கேட்கவில்லை. வறுமை ஆராதனையையே வறியதாக்குகிறது என்பதே அவர் முறையீடு. இரு எழுத்துகளையும் சேர்த்து வாசிக்காதவரே கடிதத்தில் பேராசையைக் காண்பர்.

பாக் கையொப்பமிட்டு 1733 எனக் குறித்த காலோவின் வேதாகம விளக்கவுரை, புளூமேயின் உரைக்குப் பின்னரே விரிவாக ஆராயப்பட்டது. 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தின் ஓரத்தில், தேவனுக்குகந்த ஆலய இசை அனைத்துக்கும் இதுவே மெய்யான அஸ்திபாரம் என்ற கருத்தை அவர் எழுதியிருக்கிறார். அவ்வதிகாரம் பாடகரின் நியமனப் பட்டியல். ஆகவே பாக் தம் பணியின் பொருளைத் தனிப்பட்ட உணர்ச்சி எழுச்சியில் அல்ல, தேவன் ஏற்படுத்திய ஓர் அலுவலில் கண்டார் எனலாம். அலுவல் தேவனுடையதாயின், அதைத் தாங்கும் பொறுப்பு சபையுடையது.

புளூமேயின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கான்டாட்டாக்களில் பெரும்பாலானவை லைப்சிக் ஊழியத்தின் முதல் சில ஆண்டுகளிலேயே எழுந்தவை என்பதைக் காலவரிசை ஆய்வு நிறுவியுள்ளது. இடைவிடாது ஆலயத்துக்கே எழுதிக்கொண்டிருந்த பக்தரின் உருவம் அதனால் தகர்ந்தது. ஆயினும் ஊற்று ஏன் சுருங்கியது என்னும் கேள்விக்கு அவநம்பிக்கையை மட்டும் விடையாக்குவது நேர்மையன்று. அதே ஆகஸ்டு மாதத்தில் நகர மன்றம் அவர் கடமையில் தவறியதாகக் குறைகூறி, மேல்வரும்படியைக் கட்டுப்படுத்தவும் தீர்மானித்தது.

அடக்கங்களை எண்ணிப் பிழைக்கும்படி ஓர் ஊழியனை வைத்தது பாக்கின் குற்றமன்று, அவரை நியமித்தோரின் ஏற்பாடு. அவர் 1750இல் மறைந்தபின், மனைவி அன்னா மக்தலேனா தர்மப்பணத்தை நம்பி வாழ்ந்து 1760இல் இறந்தார்.

நெகேமியா 13ஆம் அதிகாரத்தில் பங்கு கொடுக்கப்படாத பாடகர் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போகின்றனர். நெகேமியா ஓடினவரைக் கடிந்துகொள்ளவில்லை. தலைவரைக் கடிந்துகொண்டு, பாடகரை அவரவர் நிலையில் நிறுத்துகிறார். நாளை சேகரக் குழுவின் தலைமையில் அமர்ந்து வரவுசெலவுத் திட்டத்தைப் பார்வையிடப்போகும் இறையியல் மாணவர், பாக்கின் இசையைக் கேட்குமுன் அவர் கடிதத்தை வாசிப்பது நலம்.