நீரில் விரியும் நிறமும் நிழற்படக் கலையும்

யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879 ஆம் ஆண்டு பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கஞ்செய்யப்பட்டார். அப்பள்ளத்தாக்கு வழியே இறங்கும் கெசல்கமுவ ஓயா காசல்ரீயிலே தேங்கிப் பின்னர் நோட்டன் பிரிட்ஜ் அணையை அடைகின்றது. மழைக்காலத்துச் செந்நீர் தெளிந்த நீரிற் புகும்போது இரண்டும் உடனே ஒன்றாவதில்லை. சுருண்டும் மடிந்தும் சற்றுநேரம் வேறுவேறாகவே தோன்றும். இத்தகைய காட்சியையே தம் கலைக்கு முழுப்பொருளாக்கியவர் அமெரிக்கரான கிம் கீவர். அம்மையாரின் படங்களிற் பிழையெனப் பழிக்கப்பட்ட ஒன்று இவரிடத்தே கலையாகி நிற்றல் ஆராயத்தக்கது.

1955 இல் நியூயோர்க்கிற் பிறந்த கீவர், பொறியியல் கற்றுப் பின் ஓவியத்துக்கு வந்தவர். ஏறத்தாழ 200 கலன் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியே அவரது களம். தொடக்கத்தில் அதனுள் சிறு மலைகளையும் மரங்களையும் அமைத்து, மேலிருந்து வர்ணத்தை ஊற்றி, அது முகிலாய்ப் பரவுங்கால் படம்பிடித்தார். பின்னர் மலைகளை அகற்றினார். முகில் மாத்திரம் எஞ்சிற்று. நீரினும் கனத்த வர்ணம் கீழிறங்குகையில் அதன் ஓரங்கள் சுழன்று காளான் வடிவு கொள்ளும்; சுழி சிறு சுழிகளாய் உடையும்; சில நிமிடங்களில் தொட்டி முழுதும் கலங்கிவிடும். நிறத்தையும் ஒளியையும் தெரிவது கலைஞர். வடிவைத் தருவது நீர். அங்ஙனமாயின் படம் எவருடையது?

இவ்வினா புதிதன்று. 1863 இல், தமது 48 ஆம் வயதில், கமரா ஒன்றைப் பரிசாகப் பெற்ற அம்மையார் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. அப்பிசுபிசுத்த திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிச் சாய்த்துப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உருத்துலக்கவேண்டும். திரவம் ஓடிய கோடுகளும் சுழிப்புகளும் அவர்தம் படங்கள் பலவற்றிற் பதிந்துள்ளன. அவற்றைக் கவனக்குறைவென அக்கால நிழற்பட இதழ்கள் கடிந்தன. எனினும் 1865 இலேயே இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைகொடுத்து வாங்கிற்று. திரவத்தின் தடத்துக்கு அடியில் ஒரு முகம் இருந்தது. அம்முகமே தடத்துக்கும் பொருள் தந்தது.

கீவரின் அருவப் படங்களில் அத்தகைய முகம் இல்லை. இங்கேதான் இடர் உளது. நீர் ஒருபோதும் அழகின்றிச் சுருள்வதில்லை. கொதிநீரில் இறங்கும் தேயிலைச் சாயமுங்கூட அழகாகவே இறங்குகின்றது. ஆகவே அழகு ஒன்றே கலைக்குச் சான்றாகாது. எடுத்த பல்லாயிரம் படங்களுள் எதை ஒதுக்கினார் என்பதே சான்று. பன்னிறங்களையும் ஒருங்கே சொரிந்த படங்கள் சில திருவிழாக் கடைச் சர்பத்தையே நினைவூட்டுகின்றன. அவற்றை அவர் ஒதுக்கியிருக்கலாம்.

நிறம் குறைந்து, கனம் மிகுந்து, மெல்ல இறங்கும் படங்களோ வேறு. அகற்றிய மலைகள் அவற்றுள் முற்றும் அகலவில்லை. சிவனொளிபாதமலையை முகில் மூடிய காலையில் மலை நின்ற இடத்தைக் கண் தேடுமன்றோ? இப்படங்களிலும் கண் அவ்வாறே தேடுகின்றது.