மேலே பறந்தவரும் கீழே நின்றவர்களும்

சபுரோ சக்காயின் 'சாமுராய்!' நூலை பிராஸ் பாசாவில் பழைய புத்தகமாக வாங்கி ரயிலிலேயே தொடங்கினேன். லிட்டில் இந்தியாவில் இறங்க மறந்து நியூட்டன் வரை போய்விட்டேன். அவ்வளவு விறுவிறுப்பு. ஆனாலும் அந்தப் புத்தகத்தோடு எனக்கு இன்னும் சண்டை தீரவில்லை.

சக்காய் ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ போர் விமானி. 1941 டிசம்பர் 8 அன்று தைவானின் தைனான் தளத்திலிருந்து பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தைத் தாக்கப் போகிறார். போய்வர 1,600 கிலோமீட்டருக்கும் மேல். எஞ்சின் சுழற்சியைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் குறைத்து அந்தத் தூரத்தை எட்டப் பழகிய கதையில் நான் சொக்கிப்போனேன். விமான எஞ்சினோடு மாரடிக்கிறவன் வேறென்ன செய்வான்? ஜீரோவின் எடையைக் குறைக்க விமானிக்குக் கவசம்கூட வைக்கவில்லை.

நூலின் உச்சம் 1942 ஆகஸ்ட் 7. குவாடல்கனாலுக்கு மேலே தலையில் குண்டடி. வலது கண் போய்விட்டது, இடப்பக்கம் மரத்துவிட்டது. அப்படியே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர், நாலே முக்கால் மணி நேரம் பறந்து ரபாவுலில் இறங்குகிறார். வீரவசனம் எல்லாம் உதிர்ந்து வலியும் தூக்கமும் மட்டும் மிஞ்சுகிற பக்கங்கள். இவற்றுக்காகவே நூலைப் படிக்கலாம்.

ஆனால் இதில் வரும் 'நான்' யார்? 1957இல் வந்த இந்த ஆங்கில நூலை எழுதியவர் மார்ட்டின் கெய்டின் என்ற அமெரிக்கர். சக்காயிடம் பேசித் தகவல் திரட்டியவர் பிரெட் சைட்டோ. சக்காய் 64 விமானங்களை வீழ்த்தினார் என்ற நூலின் கணக்கைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. சாகசம் கேட்ட வாசகருக்குச் சாகசம் பரிமாறியிருக்கிறார்கள்.

அதே டிசம்பர் 8 விடிகாலை, தைனானில் சக்காய் கிளம்பும் முன்பே, அதே கடற்படையின் குண்டுவீச்சு விமானங்கள் இந்தோசீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துவிட்டன. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுனிலும் குண்டு விழுந்து 61 பேர் செத்தார்கள். அடுத்தடுத்த தாக்குதல்களில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் ஜனங்கள் ஒதுங்கினார்கள். அதில் என் பாட்டியின் அம்மாவும் ஒருத்தர். "சத்தம் கேட்டா காளி காலடியில படுத்துக்குவாங்களாம்" என்பார் பாட்டி. இதில் சக்காய்க்குப் பங்கில்லை. ஆனால் அவர் உயரத்திலிருந்து பார்த்தால் இப்படிப் படுத்துக்கிடப்பவர் யாரும் கண்ணில் படமாட்டார்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) அதே போரைத் தெருவில் நின்று பார்க்கிறது. ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழைகிறது. ஊரே வேடிக்கை பார்க்கிறது. பாண்டியனும் சாகசக்காரன்தான், சிங்காரமும் அவனிடம் கொஞ்சம் மயங்கத்தான் செய்கிறார். ஆனால் வட்டிக்கடைப் பையன்களின் பேச்சும் கிண்டலும் அந்த மயக்கத்தை அடிக்கடி கலைத்துவிடுகின்றன. சுடுபவனும் எதிரே நிற்பவனும் ஒரே தூரத்தில் தெரிகிறார்கள்.

இரண்டையும் படியுங்கள். எந்த வரிசையில் என்றாலும் சரி. மிச்சம் பிடித்த அந்தப் பெட்ரோல் கிளார்க் தளத்துக்குப் போய் என்ன செய்தது என்று முதல் வாசிப்பில் நான் கேட்கவே இல்லை. கணக்கு அவ்வளவு அழகா இருந்தது.